ஐந்து முறை முகம் கழுவியும் பரு ஏன் போகவில்லை?

வந்த கேள்வி சுருக்கமாக இது. வயது 24, வீடு பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில், வேலை தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றின் தூசி புகாத கிளீன்ரூமில். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வருகிறார். நெற்றியில் பொடிப்பொடியாக முண்டு, தாடையில் தொட்டால் வலிக்கும் பரு, மூக்கில் கறுப்புப் புள்ளி. ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவுகிறார், ஸ்க்ரப் போட்டுத் தேய்க்கிறார், குறையவில்லை. அம்மா உடல் சூடு என்கிறார், தோழி அழுக்கு என்கிறார். இன்னும் இரண்டு மாதத்தில் அக்கா கல்யாணம். தோல் துவாரம் எதனால்தான் அடைக்கிறது?

முதல் வேலையாக அந்த ஸ்க்ரப்பைக் குப்பையில் போடுங்கள் தங்கச்சி. மற்றதெல்லாம் அப்புறம்.

பட்டர்வொர்த்தில் பார்மசி கவுண்டரில் நிற்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. பருவோடு வருகிறவர்களில் முகம் கழுவாதவர் யாரையும் பார்த்த நினைவு இல்லை. கழுவிக் கழுவித் தோல் உரிந்து, எரிச்சலோடு வருகிறவர்கள்தான் அதிகம். அழுக்குதான் அடைக்கிறது என்ற எண்ணம் நம் ஆட்களிடம் அவ்வளவு ஊறிவிட்டது. ஆனால் அடைப்புக்குள் இருக்கும் சரக்கு வெளியிலிருந்து வந்து விழுந்தது கிடையாது. உங்கள் தோலே உள்ளே உண்டாக்கியது அது.

துவாரம் என்று நாம் சொல்வது முடி முளைக்கும் ஒரு குழாயின் வாய். கண்ணுக்குத் தெரியாத பூனைமுடிக்கும் அப்படி ஒரு குழாய் உண்டு. குழாயோடு ஒட்டியபடி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அது சுரக்கும் சீபம் என்ற கொழுப்பு குழாய் வழியே மேலே வந்து தோலில் பரவுகிறது. குழாயின் உள்சுவரும் தோல்தான், அதன் செல்களும் செத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். சாதாரணமாக உதிர்ந்தவை தனித்தனியாக எண்ணெயோடு வெளியே வந்துவிடும். பரு வரும் தோலில் அவை அதிகமாக உண்டாகி, உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் கூடவே சேர, ஈரம் கூடிப்போன மாவு புட்டுக்குழலில் அப்பிக்கொள்வதுபோலக் குழாயின் கழுத்தில் கெட்டியாகி நின்றுவிடுகிறது.

இந்த முதல் அடைப்பு வெளியே தெரியாது. தடவிப் பார்த்தாலும் தெரியாது. அது வளர்ந்து கண்ணில் படும் பருவாக வர ஏறக்குறைய எட்டு வாரம் ஆகலாம். நேற்று எதைத் தின்றேன், முந்தாநாள் எந்தச் சோப்பு போட்டேன் என்று தேடுவதில் அவ்வளவு பலன் இல்லாததற்கு இதுதான் காரணம்.

அடைப்பின் வாய் தோலால் மூடியிருந்தால் வெள்ளை முண்டாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் கறுப்புப் புள்ளி. அந்தக் கறுப்பைத்தான் எல்லோரும் அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறார்கள். அது தோலின் நிறமியான மெலனினும் காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயும் சேர்ந்த கறுப்பு. தேய்த்தால் மேல்தோல்தான் போகும், குழாயின் கழுத்தில் இருக்கும் கட்டி அங்கேயே இருக்கும். அப்படியானால் பாலத்தில் லாரி புகைக்குள் வருகிறோமே, அந்த அழுக்குக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். அது தோலின் மேலே தங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை மெதுவாகக் கழுவினால் போய்விடும்.

சிவந்து வலிக்கும் பரு அடுத்த கட்டம். கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா எல்லோர் முகத்திலும் இருக்கிறது, பருவே வராதவர் முகத்திலும்தான். 2016 வரை புரோபியோனிபாக்டீரியம் என்று அழைத்தார்கள், பழைய புத்தகங்களில் அந்தப் பெயரில் இருக்கும். காற்று எட்டாத, எண்ணெய் நிறைந்த இடம் அதற்குத் தோது. அடைத்த குழாய் அப்படிப்பட்ட இடம். அங்கே அது பெருகும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டைக்கு வருகிறது. நாம் பார்க்கும் சிவப்பும் வீக்கமும் சீழும் அந்தச் சண்டைதான். குழாய்ச்சுவர் உள்ளேயே வெடித்தால் வீக்கம் ஆழத்துக்குப் போகும். உள்நோக்கி நசுக்கிப் பிதுக்குகிறவர்கள் தங்கள் கையாலேயே அந்த வெடிப்பை உண்டாக்குகிறார்கள்.

இனி உங்கள் முகத்துக்கு வருவோம். நெற்றி, தாடை, மூக்கு மூன்றுக்கும் ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மூன்றும் மூன்று கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூக்கில் சுலபமாக முடித்துவிடலாம். வரிசையாக, ஒரே அளவில், சாம்பல் நிறத்தில் புள்ளிகள் இருந்து, அழுத்தினால் மெல்லிய நூல் மாதிரி வெளிறிய கொழுப்பு வருகிறதென்றால் அது பருவும் இல்லை, அடைப்பும் இல்லை. எண்ணெய் வரும் வழி அது, எல்லோருக்கும் உண்டு. மூக்கில் ஒட்டிப் பிய்க்கும் பட்டையால் எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி நிரம்பும். துவாரத்துக்குத் திறந்து மூட தசை கிடையாது. அதனால் ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதில் உண்மை இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துவிடுவதே மூக்குக்கு நல்லது.

நெற்றிதான் விஷயம்.

மூன்று பேர் மேல் சந்தேகம். முதல் ஆள் தலைக்கு வைக்கும் எண்ணெய். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டு படுத்தால், அது தலையணையில் இறங்கி, அங்கிருந்து நெற்றிக்கும் கன்னத்துக்கும் வரும். காலையில் வியர்க்கும்போது முடியோரத்திலிருந்து மிச்சமும் இறங்கும். தலைக்குப் பூசும் கொழுப்புப் பசைகளால் நெற்றியிலும் கன்னப்பொட்டுப் பக்கத்திலும் பொடிமுண்டு வருவதைப் பிளூவிக், ஃபுல்டன், கிளிக்மன் என்ற மூன்று தோல் மருத்துவர்கள் 1970இலேயே ஒரு தனி வகையாக எழுதிவைத்தார்கள். அங்கே அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைப்பசை, இங்கே நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய். எண்ணெயே வேண்டாம் என்று சொன்னால் உங்கள் அம்மா என்னைத் தேடி வந்துவிடுவார். சரி, அலசுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள், நெற்றியோரத்தை விட்டு வையுங்கள், ஷாம்பு போட்டு அலசி முடித்த பிறகு முகத்தைக் கழுவுங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் இதே வழி போதும். கண்டிஷனர் போடுகிறவர்களுக்கும் பொருந்தும், அதன் வழவழப்பு முதுகில் தங்கி அங்கேயும் முண்டு கொண்டுவருகிறது.

இரண்டாம் ஆள் ஹெல்மெட். உங்கள் ஹெல்மெட்டின் உள்ளே நெற்றி படும் பஞ்சுப் பட்டையில் ஒரு டிஷ்யூவை வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். டிஷ்யூ வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரியும், ஓரத்தில் பழுப்பும் இருக்கும். முகர்ந்து பார்க்கவும் சொல்வேன், ஆனால் பிறகு என்னைத் திட்டக் கூடாது. அந்தப் பட்டை காலையும் மாலையும் உங்கள் நெற்றியில் அழுந்தி உரசுகிறது. வேலைக்குப் போனால் கிளீன்ரூம் உடுப்பு: தலையை மூடும் ஹூட், நெற்றியைக் கவ்வும் விளிம்பு, மூக்கிலிருந்து தாடைவரை மாஸ்க், ஓவர்டைம் இருந்தால் 12 மணி நேரம். மூடல், உரசல், வியர்வை மூன்றும் சேர்ந்தால் பரு கிளம்பும் என்பது பழைய செய்தி. தலைக்கவசம் போட்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கவசத்தின் வார் படும் தாடையில் இப்படித்தான் வரும். 1975இல் மில்ஸும் கிளிக்மனும் இதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள், ஆக்னி மெக்கானிகா என்று. 2020இல் நாடே மாஸ்க் போட்டபோது முகத்தின் கீழ்ப்பாதியில் பரு என்று கவுண்டரில் வரிசை நின்றதற்கும் காரணம் இதுவே.

உள்பட்டை கழற்றும் வகையாக இருந்தால் வாரம் ஒரு முறை ஷாம்பு போட்டு அலசிக் காயவையுங்கள். கழற்ற முடியாத ஹெல்மெட் என்றால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அந்தத் துணியைத் தினமும் மாற்றுங்கள். ஹூட்டை உங்களால் மாற்ற முடியாது. இடைவேளையில் கழற்றும்போது நெற்றியை வெறும் தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுத்தால் போதும். ஷிஃப்டுக்குப் போகும்போது ஃபவுண்டேஷன் வேண்டாம். எப்படியும் கிளீன்ரூமில் மேக்கப்புக்கு அனுமதி இருக்காது, அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கம்பெனி உங்கள் தோலுக்கு நல்லது செய்கிறது.

மூன்றாம் ஆளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நெற்றி முண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா? பரு மாதிரி வலிக்காமல் அரிக்கிறதா? மேல்முதுகிலும் மார்பிலும்கூட இருக்கின்றனவா? கறுப்புப் புள்ளி, வெள்ளை முண்டு எதுவும் நடுவில் கலக்காமல் இருக்கிறதா? அப்படியானால் அது பருவே இல்லாமல், மாலசீசியா என்ற பூஞ்சை முடிக்குழாயில் பெருகியதாக இருக்கலாம். இதுவும் எல்லோர் தோலிலும் இருப்பதுதான், வெக்கையும் வியர்வையும் சேர்ந்தால் ஆட்டம் போடும். கொழுப்பமிலம்தான் அதன் சாப்பாடு, தேங்காய் எண்ணெயில் அது தாராளமாக உண்டு. பரு என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் பாக்டீரியா குறைந்து பூஞ்சைக்கு இடம் கிடைத்து இன்னும் கூடும். மாத்திரை சாப்பிட்டும் அதிகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து இதற்குக் கேட்கும். ஆனால் பார்மசிஸ்ட்டிடமோ டாக்டரிடமோ நெற்றியைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. இரு புருவத்துக்கு நடுவே மட்டும் அரிப்போ முண்டோ இருந்தால் ஒட்டுப்பொட்டின் பசையையும் குங்குமத்தின் சாயத்தையும் சந்தேகிக்க வேண்டும். சில பசைகளால் அந்த இடம் வெள்ளையாகவே மாறிவிடுவதும் உண்டு.

தாடைக்கு வருகிறேன். எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள். ஆண், பெண் இருவருக்கும் உண்டு, வயதுக்கு வரும்போது கூடும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் தாடையிலும் கீழ்க்கன்னத்திலும் பரு கிளம்புவது சகஜம். 24 வயதிலும் அங்கே ஆழமாக, வலியோடு வந்துகொண்டே இருந்தால் நான் கேட்கும் கேள்வி கிரீமைப் பற்றி இருக்காது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? மேலுதட்டிலோ தாடையிலோ முடி தடிக்கிறதா? உச்சியில் முடி மெலிகிறதா? ஆம் என்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதை முகத்தில் பூசும் எதனாலும் சரிசெய்ய முடியாது. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் பலர், அதனால்தான் எழுதுகிறேன். ஹார்மோன் சோதனை சரியாக இருந்தும் பரு வருகிறவர்களும் நிறைய. அவர்கள் சுரப்பி சாதாரண அளவு ஹார்மோனுக்கே அதிகமாகத் துள்ளுகிறது, பெரும்பாலும் குடும்ப வழி. உங்கள் அம்மாவிடம் அவர் 20 வயதில் முகம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், உடல் சூட்டுப் பேச்சு கொஞ்சம் குறையும்.

அந்த உடல் சூட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பினாங்கில் பகலில் 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி. தோல் சூடாக இருந்தால் எண்ணெய் அதிகமாக வெளியே வரும், வியர்வையில் ஊறிய தோல் உப்பித் துவாரத்தின் வாயைக் குறுக்கும். ஆகவே வெளிச்சூடு நிஜம். கோழியும் மாம்பழமும் சாப்பிட்டதால் உள்ளே சூடு ஏறிப் பருவாக வெடிக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. இளநீர் குடியுங்கள், நன்றாக இருக்கும், பருவுக்கு மருந்து என்று மட்டும் குடிக்காதீர்கள்.

சாப்பாட்டில் எண்ணெயைக் குற்றம் சொல்வது வழக்கம். தின்ற எண்ணெய் நேராக முகத்தில் வழிவதில்லை. சர்க்கரையையும் பாலையும் பற்றித்தான் கேள்வி இருக்கிறது. நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் பருவோடு வந்த 18 முதல் 30 வயது வரையிலான 44 பேரையும், பரு இல்லாத 44 பேரையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். பரு உள்ளவர்கள் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் சாப்பாட்டை அதிகம் சாப்பிட்டிருந்தார்கள், பாலும் ஐஸ்கிரீமும்கூட. சின்ன ஆய்வு, அதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலின் ஏறும், அது எண்ணெய்ச் சுரப்பியையும் உசுப்பும். நைட் ஷிஃப்ட் முடித்து மாமாக் கடையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும், பகலில் ஐஸ் மைலோ இரண்டும் என்று ஓடுகிறதென்றால் அதில் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் சாலட் தின்ன வேண்டாம். ஜிம்முக்குப் போகும் தம்பி யாராவது இதைப் படித்தால், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடர் தொடங்கிய பிறகு முதுகில் பரு வந்ததா என்று யோசித்துப் பார்க்கவும்.

சோப்பு பற்றி. தோலின் மேல்பரப்பு லேசான அமிலத் தன்மை உடையது, பிஎச் 5 பக்கம் இருக்கும். சாதாரணச் சோப்புக்கட்டி 9, 10 என்று காரம். ஐந்து முறை அதைப் போட்டுத் தேய்த்தால் தோலின் காப்பு உடைந்து எரியும், சிவக்கும். பிறகு எந்தப் பரு மருந்தையும் அந்த முகம் தாங்காது. காலையில் ஒன்று, வேலை முடிந்து ஒன்று, நுரை குறைந்த மென்மையான கிளென்சரில் கழுவுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும். டூத்பேஸ்ட், சோடா மாவு இரண்டும் வாய்க்கும் வடைக்கும் இருக்கட்டும்.

மருந்துக்கு வருவோம். பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பெரும்பாலோருக்குப் போதும், 10 சதவீதம் அதைவிட அதிகமாக எரிக்கும், அவ்வளவுதான். துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கும், அதனால் வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் குழாய்க்குள் இறங்கும், லேசான பொடிமுண்டுக்கு நல்லது. அடைப்பே உண்டாகாமல் தடுப்பதில் சிறந்தது அடபலீன் போன்ற ரெட்டினாய்டு. உதிராத செல்களை ஒழுங்காக உதிரவைப்பது அதன் வேலை. பட்டாணி அளவு எடுத்து, இரவில், பரு வரும் இடம் முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பது வீண், ஏனென்றால் அடுத்த மாதப் பரு இப்போதே பக்கத்தில் மறைந்திருக்கிறது. முதல் சில வாரம் வறட்சியும் எரிச்சலும் இருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயல்பவர்களும் ரெட்டினாய்டைத் தொடக் கூடாது.

பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். அக்கா கல்யாணத்துக்கு இரண்டு மாதம் என்றால் இந்த வாரமே தொடங்கினால்தான் கணக்குச் சரிவரும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் புது கிரீமும் வேண்டாம், பரு பிதுக்கும் ஃபேஷியலும் வேண்டாம். புருவத்துக்கு நூல் போடுவதையும் நாலைந்து நாள் முன்பே முடித்துவிடுங்கள், அதன் பிறகு சிலருக்குப் பொடிமுண்டு வரும்.

அவசரத்தில்தான் பலர் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் ஃபோனிலும் விற்கும் முகம் வெளுக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு, டிரெட்டினாயின் கலந்திருப்பதாக நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ அடிக்கடி பட்டியல் வெளியிடுகிறது. ஸ்டீராய்டு கிரீமின் தந்திரம் என்னவென்றால், முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும், பரு அடங்கும். தோழிகளுக்கும் சொல்வீர்கள். பிறகு ஒரே மாதிரி சிவப்பு முண்டு முகமெங்கும், தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் இன்னும் எரியும். டப்பாவில் என்ஓடி என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணை என்பிஆர்ஏ இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். லேபிளே இல்லாத வெள்ளை டப்பா எவ்வளவு நம்பிக்கையான ஆன்டி விற்றாலும் வேண்டாம்.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு தனித் தொல்லை: பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வீக்கம் வந்த இடத்தில் மெலனின் அதிகமாக உண்டாவதுதான் காரணம், குழி விழாதவரை அது மெல்லத் தானாக மங்கும். வெயில் படப்பட மங்குவது தள்ளிப்போகும். ஜெல் வகை சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30 அல்லது மேலே, பாலத்துக்கு ஏறும் முன் பூசுங்கள். தோல் நிறச் சாயம் கலந்த வகை இன்னும் நல்லது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். அசலாயிக் அமிலம் பருவையும் கறுப்பையும் சேர்த்துக் கவனிக்கும், கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக அதையே கொடுப்போம்.

மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் தாடை அடங்கவில்லை, அல்லது கட்டி கட்டியாக வருகிறது, குழி விழத் தொடங்குகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கே டாக்டர் கடிதம் கொடுத்தால் பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். கடுமையான பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பெரிய ஊனத்தை உண்டாக்கும் மருந்து அது, ரத்தப் பரிசோதனையும் கர்ப்பத் தடையும் இல்லாமல் யாரும் கொடுக்கக் கூடாது, நீங்களும் ஃபோனில் ஆர்டர் செய்யக் கூடாது. போகும்போது இதுவரை பூசிய எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், லேபிள் இல்லாதது இருந்தால் அதையும் சேர்த்து.